ஹாரிஸா, டிரம்ப்பா: சீனச் சரக்கு இறக்குபவரின் கணக்கு

2024 நவம்பரில் நான் ஓட்டுப் போட்டது கமலா ஹாரிஸுக்கு. மற்ற விவகாரங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே சீனாவோடு நடக்கும் வணிகத்தை மட்டும் பார்க்கிறேன். நியூஜெர்சியில் சமையலறைச் சாமான் இறக்கி விற்கிற சின்ன வியாபாரம் என்னுடையது. சரக்கில் பெரும்பகுதி சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து வருகிறது. அதனால் நடுநிலை வேஷம் போட மாட்டேன்.

ஒருவர் வரி போடுவார், இன்னொருவர் எடுப்பார் என்ற போட்டியே அன்று இல்லை. டிரம்ப் 2018, 2019-இல் சீனப் பொருள்கள் மீது போட்ட வரிகளைப் பைடன் எடுக்கவில்லை. போதாததற்கு 2024-இல் மின்சாரக் காருக்கு 100 சதவீதம், சோலார் செல்லுக்கு 50 சதவீதம் என்று ஏற்றினார். ஹாரிஸும் அதே வழிதான். செப்டம்பர் 10 விவாதத்தில் டிரம்ப் இதைச் சொல்லியே குத்தினார். அதில் நியாயம் இருந்தது.

வித்தியாசம் வரியின் அகலத்தில். சீனப் பொருள் எதுவானாலும் 60 சதவீதம், ஏன் அதற்கு மேலும் போகலாம் என்றார் டிரம்ப். மற்ற நாடுகளுக்கு 10 முதல் 20 வரை. ஹாரிஸ் அதற்கு ‘டிரம்ப் விற்பனை வரி’ என்று பேர் வைத்தார். வரியைச் சீனாதான் கட்டுகிறது என்ற பேச்சுக்கு ஒரு வாக்கியம் போதும்: சுங்கத்தில் பணம் கட்டுவது என்னைப் போன்ற இறக்குமதியாளர்.

ஆனால் என் ஓட்டைத் தீர்மானித்தது சதவீதம் அல்ல, தேதி. ஆர்டர் கொடுத்து, முன்பணம் அனுப்பி, சரக்கு தயாராகி, கப்பலேறி, பனாமா கால்வாய் வழியாக நியூவார்க் வந்து சேர மாதங்கள் ஆகும். வரியோ ஆர்டர் கொடுத்த நாளின் விகிதப்படி இல்லை, சரக்கு இங்கே சுங்கத்தில் நுழையும் நாளின் விகிதப்படி. 40,000 டாலர் சரக்குக்கு 25 சதவீதம் என்றால் 10,000. அதுவே 60 ஆனால் 24,000. கடைக்காரரிடம் விலை பேசி முடித்த பிறகு இந்த 14,000 என் கையிலிருந்துதான் போக வேண்டும்.

பைடன் நிர்வாகம் 2024 மே மாதம் அறிவித்த ஏற்றம் செப்டம்பர் 27-இல்தான் அமலானது. செமிகண்டக்டருக்கு 2025 ஜனவரி, காருக்கல்லாத லித்தியம் பேட்டரிக்கு 2026 ஜனவரி என்று தவணையும் இருந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, கணக்குப் போட அவகாசம் கிடைத்தது. 2019-இல் நடந்தது வேறு. மே 5 ஞாயிற்றுக்கிழமை டிரம்ப் ஒரு ட்வீட் போட்டார், வெள்ளிக்கிழமை 10 சதவீதம் 25 ஆகிவிட்டது. ஏற்கனவே கப்பலேறிய சரக்குக்குச் சலுகை கொடுத்தார்கள், சரி. ஆனால் கிடங்கில் கப்பலுக்காகக் காத்திருக்கும் சரக்கை என்ன செய்வது?

2025-இல் இதையே பெரிய அளவில் பார்த்தோம். கூடுதல் வரி பிப்ரவரியில் 10, மார்ச்சில் 20, ஏப்ரலில் 145, மே 14-இல் 30. 145-இல் அதே 40,000 டாலர் சரக்குக்கு வரி மட்டும் 58,000. அந்த வாரங்களில் என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏற்ற வேண்டாம் என்று ஆலைக்குச் சொல்வது.

டிரம்ப் பக்கம் எனக்கு லாபமானதும் உண்டு. 800 டாலருக்கு உட்பட்ட பார்சல் வரியில்லாமல் நேரே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் வரி கட்டி விற்கும் அதே கரண்டியைச் சீன இணையக் கடைகள் வரியே இல்லாமல் அனுப்பின. அதற்குக் கடிவாளம் போடப் பைடன் நிர்வாகம் 2024 செப்டம்பரில் விதி கொண்டுவரப்போவதாகச் சொன்னது, 2025 ஜனவரியில் வரைவு விதி வெளியிட்டதோடு சரி. சீனப் பார்சல்களுக்கு 2025 மே 2-இல் அந்த ஓட்டையை அடைத்தவர் டிரம்ப்தான். வேகம் சில நேரம் பலன் தரும்.

ஹாரிஸ் ஜெயித்திருந்தால் சொன்னபடி நடந்திருப்பாரா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை, பைடன் காலத்தை வைத்து ஊகிக்கிறேன், அவ்வளவுதான். அப்புறம், நான் வாங்கி விற்பவர், ஆலை நடத்தியவர் அல்ல. சீன இறக்குமதியால் ஆலை மூடிய ஊரில் இருப்பவர் 60 சதவீதத்தை வேறு மாதிரிதான் பார்ப்பார். சோயா விவசாயிக்கும் தனிக் கணக்கு உண்டு: 2018-இல் சீனா பதிலுக்கு 25 சதவீதம் போட்டதும் அந்த ஆர்டர்கள் பிரேசிலுக்குப் போயின, அரசு நிவாரணப் பணம் கொடுத்தது. அந்தப் பணம் இழப்பை ஈடுகட்டியதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.