பபுள் டிப் அனிமோனுக்கு எல்இடி லைட்: சில வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

உப்புத்தண்ணி டேங்க்ல வளர்க்குற அனிமோனுக்கு (பாறைல ஒட்டி வாழுற, பூ மாதிரி இருக்குற கடல் ஜீவன்) எந்த லைட் வாங்கலாம்னு கேக்குறவங்க நிறைய பேர், வாங்கின லைட்டை எப்படி ஓட்டணும்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. நான் சில வருஷமா ஒரே எல்இடி லைட்டுக்கு கீழ பபுள் டிப்னு, விரல் நுனி குமிழ் மாதிரி உப்புற அனிமோன் வகையை வச்சிருக்கேன், ஒண்ணா வந்தது இப்ப பிரிஞ்சு பிரிஞ்சு ஒரு பாறையையே மூடிடுச்சு. இவ்ளோ நாள் பாத்ததுல எனக்கு உறுதியா தோணுறது ஒண்ணுதான்: வெளிச்சம் ரொம்ப அதிகமா இருக்கணும்னு இல்ல, தினமும் ஒரே மாதிரி இருக்கணும், மாத்தினா மெதுவா மாத்தணும்.

ஏன்னா அனிமோன் உடம்புக்குள்ள ஸூசாந்தெல்லேனு கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு, அது வெளிச்சத்தை வச்சு சர்க்கரை தயாரிச்சு அனிமோனுக்கு கொடுக்குது, அதோட சாப்பாட்டுல பெரும்பங்கு அங்கிருந்துதான் வருது. வெளிச்சம் கம்மியானா பட்டினி, அது எல்லாருக்கும் புரியும். ஆனா திடீர்னு அதிகமானாலும் ஆபத்துதான், பாசி தாங்க முடியாத அளவுக்கு வேலை செஞ்சு செல்லைக் கெடுக்குற ஆக்ஸிஜன் வகைகள் உள்ள சேர்ந்துடும், அனிமோன் அந்தப் பாசியையே வெளிய தள்ளிடும். நிழல்ல வளர்ந்த செடியைத் தூக்கி உச்சி வெயில்ல வச்சா கருகும்ல, அதே கதை. அதனால புது அனிமோன் வந்தாலும் சரி, புது லைட் மாட்டினாலும் சரி, நான் பாதிக்கும் கீழ இருந்துதான் ஆரம்பிப்பேன், வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஒரு மாசத்துக்கு மேல எடுத்துக்குவேன். லைட்டோட கன்ட்ரோலர்ல அக்ளிமேஷன் மோடு (வெளிச்சத்தை தானா மெதுவா ஏத்துற செட்டிங்) இருந்தா அதை போட்டு விட்டுட்டாலே போதும்.

எவ்ளோ வெளிச்சம்னு பாக்க பார் மீட்டர் தான் சரி. செடிக்கும் பாசிக்கும் உபயோகமாகுற 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஒளியை அது அளக்குது. ஃபோன்ல வர்ற லக்ஸ் ஆப்பை நம்ப வேணாம், லக்ஸ்ங்கிறது மனுஷன் கண்ணுக்கு எது பளிச்சுனு தெரியுதோ அதோட கணக்கு, பவளம், அனிமோன் வளர்க்குற நம்ம ரீஃப் லைட்ல நீலம்தான் அதிகம், அந்த நீலத்தை அது ரொம்ப குறைச்சுதான் காட்டும். மீட்டர் சொந்தமா வேணும்னு இல்ல, யார்கிட்டயாவது ஒரு நாள் இரவல் வாங்கி, பாறை மேல, நடுவுல, மணல்லனு அளந்து குறிச்சு வச்சுக்கிட்டா போதும். பபுள் டிப்புக்கு பொதுவா அந்த மீட்டர்ல பார் அளவு 150ல இருந்து 250 வரைக்கும் நல்லா ஒத்துப்போகுது, என் டேங்க்ல அது தானா நகர்ந்து போய் உக்காந்த இடமும் அந்த ரேஞ்சுக்குள்ளதான் இருந்துச்சு. மேக்னிஃபிக்கா மாதிரி வேற அனிமோன் வகை இன்னும் நல்ல வெளிச்சம் கேக்கும், பபுள் டிப்புக்கு செட் பண்ணினதை அப்படியே அதுக்கு போட்டா பத்தாது.

டைமர்ல மொத்தம் 10 மணி நேரம் வச்சிருக்கேன், முதல்ல நீலம் மட்டும் மெல்ல ஏறும், நடுவுல வெள்ளையும் சேர்ந்து முழு அளவுல நிக்கும், கடைசில திரும்ப நீலமா இறங்கி அணையும். ராத்திரி முழு இருட்டு. வீட்ல யாராவது வந்தா காட்டணும்னு ராத்திரில லைட்டை போடுறது எனக்கு பிடிக்காது.

யாரும் அதிகம் பேசாத விஷயம் லென்ஸ்ல படியுற உப்பு. குமிழி வெடிச்சு தெறிக்குற தண்ணி லைட்டுக்கு அடில காஞ்சு வெள்ளைப் பொருக்கா உக்காந்துடும், தினம் பாக்குற கண்ணுக்கு வெளிச்சம் குறையுறது தெரியவே தெரியாது, ஆனா அனிமோன் மெதுவா காம்பை நீட்டி மேல எழும்பி வெளிச்சத்தைத் தேட ஆரம்பிக்கும். அப்ப லென்ஸை துடைக்கணும்தான், ஆனா துடைச்ச அன்னைக்கே வெளிச்சம் படக்குனு கூடிடும், அதனால ஈரத்துணில துடைச்ச கையோட கன்ட்ரோலர்ல கொஞ்சம் குறைச்சு வச்சிட்டு ஒரு வாரம் கழிச்சு பழைய அளவுக்கு கொண்டு வருவேன். தண்ணி மஞ்சளா இருந்து அதைத் தெளிய வைக்க புதுசா கார்பன் போட்டாலும் இதே கணக்குதான், தெளிஞ்ச தண்ணில ஒளி இன்னும் ஆழமா இறங்கும்.

கலரை பாத்து நிறைய புரிஞ்சுக்கலாம். பழுப்பு கூடி டல்லா போச்சுன்னா பெரும்பாலும் வெளிச்சம் பத்தல இல்ல தண்ணில சத்து அதிகமாயிடுச்சு. வெளுத்து கண்ணாடி மாதிரி ஆனா பாசி போயிடுச்சு, அதுக்கு சூடும் ஒரு காரணமா இருக்கலாம், அதனால லைட்டை தொடுறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரை பாருங்க. கடைல பால் வெள்ளையா இருக்குறதை அழகா இருக்குனு தயவுசெஞ்சு வாங்காதீங்க, பளிச்சுனு மஞ்சள் சாயம் ஏத்தி விக்குறதும் உண்டு, அந்த ஜீவனை அப்படி பண்றதை பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். ஏற்கனவே வாங்கியாச்சுன்னா மிதமான வெளிச்சம், சுண்டு விரல் நகம் சைஸுல இறால் துண்டு அப்பப்ப, அவ்ளோதான், கலர் திரும்ப மாசக்கணக்குல ஆகும்.

குமிழ் வரலைன்னு லைட்டை ஏத்துறாங்க பாருங்க, அது வேணாம். என்கிட்ட ஒரே அனிமோன்ல இருந்து பிரிஞ்ச ரெண்டு, ஒரே பாறைல, கைநீள தூரம் கூட இல்ல, ஒண்ணு குண்டு குண்டா குமிழோட இருக்கு, பக்கத்துல இருக்குறதுக்கு நீட்டு நீட்டா விரல்தான். ரெண்டும் வாயை இறுக்கி மூடி, கால் பாறை இடுக்குல ஆழமா பிடிச்சு, சாப்பாடு பட்டதும் கப்புனு ஒட்டுது. ஆரோக்கியத்துக்கு நான் பாக்குறது இந்த மூணும்தான்.

இடம் பிடிக்கலன்னா அனிமோன் நகர்ந்து போகும், அதுவும் பெரும்பாலும் ராத்திரில, அதனால பவர்ஹெட்டுக்கு (டேங்க்ல தண்ணியை ஓட வைக்குற பம்ப்) ஸ்பாஞ்ச் இல்ல வலை கட்டாயம், உள்ள இழுத்து அரைபட்டா டேங்க் மொத்தமும் கெட்டுப்போகும். காலுக்கு இருட்டான இடுக்கு, தலைக்கு வெளிச்சம், இது ரெண்டும் சேர்ந்த பாறை இருந்தா அங்கயே தங்கிடும். உப்பு அளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது தண்ணியோட அடர்த்தி கணக்கு) 1.025 பக்கம், சூடு 25, 26 டிகிரி, டேங்க் வச்சு பல மாசம் ஆகி செட்டில் ஆகியிருக்கணும், இதெல்லாம் இல்லாம லைட்டை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல.

லைட்டை பத்தி சொல்லணும்னா, எல்இடில எனக்கு திருப்திதான், டி5 ட்யூப்லைட் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை ட்யூப் மாத்துற வேலை இல்ல, தண்ணியும் அவ்ளோ சூடாகல. குறைன்னா ஃபேன்ல தூசி சேர்ந்தா சத்தம் வருது, ஒரே புள்ளில இருந்து ஒளி வர்றதால பாறைக்கு பின்னாடி கடுமையான நிழல். பிரிஞ்ச குட்டிங்க சிலது அந்த நிழல் பக்கம் போய் சுருங்கியே கிடக்குது, அதுக்காக அந்த ஓரத்துல இன்னொரு லைட் மாட்டப் போறேன், ரெண்டும் சேர்ந்து விழுற இடத்துல பார் எகிறும்ங்கிறதால ரெண்டையுமே இறக்கி வச்சு, அளந்து பாத்துட்டுதான் ஏத்தணும்.