போலரைசரா, என்டியா, வெறும் லென்ஸா? ஓடும் தண்ணீரைப் படமெடுக்க எதை வாங்குவது?

டெவன் நீர்வீழ்ச்சியில் 97 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. மேலே வெள்ளையாகக் கொட்டுவதும் கீழே மூதூர்ப் பக்கத்துக் கங்கைப் பாலத்தடியில் அசையாததுபோல் கிடப்பதும் ஒரே ஆறுதான். ஆனால் இரண்டையும் லென்ஸின் முன்னால் பூட்டுகிற ஒரே பில்டரால் எடுக்க முடியாது. திருகோணமலையில் கமெரா வாங்குகிற பிள்ளைகள் முதலில் கேட்பது "பத்து ஸ்டொப் என்டி எங்கே வாங்கலாம்" என்றுதான் (என்டி என்பது வெளிச்சத்தைக் குறைக்கிற கருமையான பில்டர்). அந்தக் காசை அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும், ஷட்டர் நேரம் இரட்டிப்பாகும். மினுக்கத்தைத் தடுக்கிற பில்டரான போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை குறைக்கும். என்டி64 ஆறு ஸ்டொப், என்டி1000 பத்து ஸ்டொப். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கமெராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11 வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/200 செக்கன் வரும். என்டி64 போட்டால் அது செக்கனில் மூன்றிலொரு பங்கு. என்டி1000 போட்டால் ஐந்து செக்கன்.

இனி நீர்வீழ்ச்சிக்கு வருவோம். காட்டு நிழலுக்குள், மேகமூட்டத்தில், அதே எஃப் 11க்கு ஷட்டர் 1/6 அளவுக்குத் தானாகவே இறங்கியிருக்கும். அதற்குமேல் போலரைசரைப் பூட்டினால் அரைச் செக்கனைத் தாண்டிவிடும். கிட்ட நின்று எடுக்கும் நீர்வீழ்ச்சிக்கு அது தாராளம். தண்ணீர் நூல்நூலாக இழுபட்டிருக்கும், ஆனாலும் விழுகிற வேகம் தெரியும். இருபது செக்கன் திறந்து வைத்தால் நூல்கள் எல்லாம் ஒன்றாகிப் பஞ்சுப்பொதி போல வெள்ளைப் பட்டையாகிவிடும். பாறையில் மோதித் தெறித்த இடம் எது, வழிந்த இடம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. டெவனைப் போலத் தலவாக்கலை வீதியோரமாகத் தூரத்தில் நின்று எடுத்தால் மட்டும் ஒன்றிரண்டு செக்கன் தேவைப்படும், ஏனென்றால் தூரத்துத் தண்ணீர் படத்துக்குள் மெதுவாகவே நகரும்.

போலரைசரின் பெரிய உபகாரம் வேறு. நனைந்த பாறையும் இலையும் வானத்தின் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெளிறிப்போய்த்தான் தெரியும். லென்ஸின் முன்னால் வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள்: ஒரு கட்டத்தில் பாறையின் கறுப்பு மீளும், பாசி பச்சையாகும், ஓரத்துக் குட்டையின் அடிக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது இது உச்சமாக வேலை செய்யும். எந்த என்டியும், எந்தக் கணினி மென்பொருளும் இதைச் செய்யாது. பாறையின் மினுக்கத்துக்குள் தொலைந்த நிறத்தைப் பிறகு வீட்டில் இருந்து மீட்கவே முடியாது.

மகாவலியின் கிளையான வெருகலாற்றில் கதை மாறும். சித்திரவேலாயுதர் கோயில் பக்கம் கரையில் விடியற்காலையில் நின்றால் மறுகரை மரங்கள் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். அந்த நிழல்தான் படமே. அங்கே போலரைசரை முழுக்கத் திருப்பினால் நிழல் மங்கி, கலங்கல் தண்ணீரின் மண்ணிறம் மட்டும் மிஞ்சும். மாரியில் வெள்ளம் வந்த நாட்களில் இது இன்னும் மோசம். ஆகவே ஆற்றில் வளையத்தைப் பாதிவரை திருப்புங்கள், அல்லது நிழல் நன்றாகத் தெரியும் பக்கமாகத் திருப்பி விடுங்கள். தண்ணீரோரமாகக் குந்தியிருந்து எடுக்க ஆசை வரும். இந்த ஆறுகளில் முதலை உண்டு, சற்று மேட்டில் நில்லுங்கள்.

என்டிக்கு உரிய இடம் எங்கள் பக்கத்து அகன்ற தண்ணீர்தான். கங்கைப் பாலத்தடி மகாவலி மெதுவாக ஓடும். அரைச் செக்கனில் அங்கே எந்த மாற்றமும் தெரியாது, சிற்றலைகள் வெறுமனே கலங்கித் தெரியும். எட்டுச் செக்கன் போனால்தான் அவை அடங்கி, பரப்பு ஒரே தகடாகும். விடியலில் ஷட்டர் 1/8 இருக்கும்போது என்டி64 போட்டால் சரியாக அந்த எட்டுச் செக்கன் கிடைக்கும். என்டி1000 தேவைப்படுவது வெயில் ஏறிய பிறகுதான்: உதாரணமாகத் திருகோணமலைச் சுவாமி மலையடியில் பாறையில் அடிக்கிற கடலைப் பகல் வெளிச்சத்தில் பனிமூட்டம் போல ஆக்குவதற்கு. ஆனால் பகல் வெளிச்சத்தில் ஆற்றை எடுக்கவே நான் சொல்லமாட்டேன். கோடையில் கச்சான் காற்று எழும்பினால் கரையில் நிற்கிற கண்டல் மரங்களின் இலையெல்லாம் ஆடும்; தண்ணீர் தகடாகும்போது மரங்கள் பச்சைப் புகையாகிவிடும். காற்று எழும்ப முன்னர் முடித்துவிடுவதே நல்லது.

கருமையான என்டியைப் போடுமுன் போகஸ் பண்ணி, போகஸை மெனுவலுக்கு மாற்றிவிடுங்கள். போட்ட பிறகு கமெராவுக்குக் கண் தெரியாது. பாலத்தின் மேல் ட்ரைபொட் வைப்பவர்கள் லொறி கடந்து போகும்வரை காத்திருங்கள், பாலத்தின் அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டுகிற மாறும் என்டியை நான் விரும்புவதில்லை. உச்சத்துக்குப் போனால் படத்தின் குறுக்கே கறுப்புச் சிலுவை விழும்.

மூன்றாவது வழி பில்டரே இல்லாதது. மகாவலி முகத்துவாரம் உழைப்பாளிகளின் தண்ணீர். வள்ளத்தின் முனையில் நின்று ஒருவர் வீச்சுவலையை எறிகிறார். வலை வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் தண்ணீரைத் தொடுகிற அந்தக் கணம் 1/1000இல் மட்டுமே கிடைக்கும். எட்டுச் செக்கனுக்குள் அந்த மனிதர் தேய்ந்து மறைந்துவிடுவார். அமைதியான ஆறு என்று படத்துக்குத் தலைப்பு வைக்கலாம்தான், ஆனால் அங்கே இருந்த ஆளை அழித்துவிட்டு எடுத்த அமைதி அது. அப்படிப்பட்ட படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், காட்டவும் செய்யுங்கள்.

போனில் எடுப்பவர்களும் விலக்கல்ல. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து நீள் வெளிச்ச (Long Exposure) விளைவைத் தெரிவுசெய்தால் ஓடும் தண்ணீர் பட்டாகும். கையை அசைக்காமல் ஒரு கல்லில் ஊன்றினால் போதும். பெரிதாக அச்சடிக்கத்தான் தரம் போதாது.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் போலரைசர். அடுத்ததாக, ஓடும் தண்ணீரில் கால் வைத்தாலும் நடுங்காத ட்ரைபொட். மூன்றாவதாக என்டி64, போலரைசரோடு சேர்த்தால் எட்டு ஸ்டொப் வரை கிடைக்கும், ஆனால் அகன்ற கோண லென்ஸில் இரண்டையும் அடுக்கினால் மூலைகள் இருளும். என்டி1000ஐக் கடைசிக்கு விடுங்கள். எதை வாங்கினாலும் உங்களிடமுள்ள மிகப் பெரிய லென்ஸின் விட்டத்துக்கு வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு விலை குறைந்த இணைப்பு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அதே பில்டரை இரண்டாம் முறை வாங்கத் தேவையிராது.