"விநாடிக்கு 20 படம், அத்தனையும் ஃபோகஸ்ல இருக்கும்": பறவைப் படம் எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பறவைகளையும் விளையாட்டுகளையும் படமெடுக்க மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விவகாரம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரையும் கேமராவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

சென்ற நவம்பரில், பல ஆண்டுகள் உழைத்த, கண்ணாடி உள்ள பழைய வகையான என் டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துவிட்டு, சென்னையில் ஒரு கடையில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் பாடியும் 150-600 மி.மீ. லென்ஸும் வாங்கினேன். வேடந்தாங்கலில் பறந்து வரும் பறவைகளுக்கும், பள்ளியில் என் மகள் ஆடும் கபடிக்கும்தான் கேமரா தேவை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். "விநாடிக்கு 20 படம், அத்தனையும் ஃபோகஸ்ல இருக்கும் சார்" என்றார் விற்பனையாளர். நான் மீண்டும் கேட்டபோது அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். பிறகு தன் கைப்பேசித் திரையில் ஒரு நாயின் படத்தை வைத்து, கேமராவை அதன்மேல் திருப்பி, கண்ணின் மேல் ஃபோகஸைக் குறிக்கும் சிறு சதுரம் வந்து அமர்வதைக் காட்டி, "நாய்க்கே பிடிக்குது, பறவைக்குப் பிடிக்காதா?" என்று கேட்டார். அசையாத படத்தைக் காட்டுவது ஆட்டோஃபோகஸுக்குச் சோதனையே ஆகாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, ஏரிக்கரையில் நின்று, நேராக என்னை நோக்கி இறங்கி வந்த கூழைக்கடாவை 600 மி.மீ.யில் தொடர்ந்து படமெடுத்தேன். வீட்டில் பெரிய திரையில் பார்த்தபோது ஒவ்வொரு தொடரிலும் முதல் படம் ஊசி முனைபோல் கூர்மையாக இருந்தது. இரண்டாவது சற்று மங்கல். அதன்பின் வந்தவை அனைத்தும் வீண். என் கைப்பழக்கத்தின் குறை என்று எண்ணி மேலும் இரண்டு வாரக் கடைசிகளை அங்கேயே கழித்தேன். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபின்தான் கையேட்டை முழுவதுமாகப் படித்தேன். 20 படங்கள் என்ற வேகம் எலெக்ட்ரானிக் ஷட்டரில் (ஷட்டர் திரை அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறையில்) மட்டுமே கிடைக்கும் என்றும், அந்த வேகத்தில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) முதல் படத்தில் இருந்த நிலையிலேயே நிறுத்தப்படும் என்றும் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

இதன் பொருளைக் கணக்காகவே சொல்லிவிடலாம். 600 மி.மீ., எஃப் 6.3 (லென்ஸ் திறப்பின் அளவு), 30 மீட்டர் தொலைவு என்றால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 1 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பறவை ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அரை மீட்டர் முன்னால் வந்துவிடுகிறது. ஃபோகஸ் நகராவிட்டால் இரண்டாவது படத்திலேயே பறவை எல்லையைத் தொட்டுவிடும். மூன்றாவதில் அது வெளியே. மீதமுள்ள 17 படங்கள் மெமரி கார்டை நிரப்புவதற்கு மட்டுமே.

வேகமும் ஃபோகஸும் சேர்ந்து கிடைக்காது என்று நான் சொல்லவில்லை. 2017இல் வந்த சோனி ஏ9, மிக வேகமாக வாசிக்கப்படும் அடுக்கு சென்சாரைக் கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸைத் திருத்தியபடியே விநாடிக்கு 20 படங்கள் எடுத்தது. ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவுக்கு, ஃபோகஸ் பூட்டப்பட்ட நிலையில் 60 படங்கள், ஃபோகஸ் தொடரும் நிலையில் 18 படங்கள் என்று அந்நிறுவனமே இரண்டையும் பிரித்து அறிவித்திருந்தது. எனக்கு விற்றவரும் அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. என் கேமராவில் அந்த எண் 5.

கண்ணைக் கண்டறியும் வசதியும் இப்படித்தான் முடிந்தது. விலங்கு என்று மெனுவில் இருப்பது நாயையும் பூனையையும் மட்டுமே குறிக்கிறது என்பதும் கையேட்டில்தான் தெரிந்தது. கேனான் ஆர்5 (2020), சோனி ஏ1 (2021) போன்றவை பறவையைத் தனியாக அறியக் கற்பிக்கப்பட்டவை. என் கேமராவோ நீர்க்காகத்தை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த மரக்கிளையைப் பிடித்துக்கொண்டது. சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாக வாசிக்கப்படுவதால், தப்பித் தவறிக் கூர்மையாக விழுந்த படங்களிலும் சிறகு ஒரு பக்கமாக வளைந்து நின்றது. கபடிப் போட்டி மாலையில் எல்இடி விளக்குகளின் கீழ் நடந்தது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே இருண்ட பட்டைகள் ஓடியதால், திரை மூடித் திறக்கும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி ஐந்து ஐந்தாக எடுத்துத் திரும்பினேன்.

கடைக்குச் சென்று கேட்டபோது, "கேமராவில் பழுது இல்லையே, எதற்குத் திருப்பி எடுக்க வேண்டும்?" என்றார்கள். பழுது இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் பழுதுபட்ட பொருளைத் திரும்பப் பெற மறுப்பது பற்றிய பிரிவு எனக்கு உதவவில்லை. ஆனால், பொருளுக்கு இல்லாத செயல்திறனையோ பயனையோ இருப்பதாகச் சொல்லி விற்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறையே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்தேன். வேறு மாடல் தருகிறோம், ஆனால் பழைய பொருளாக மதித்து 40,000 ரூபாய் கழித்துக்கொள்வோம் என்று கடையிலிருந்து பதில் வந்தது. மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்தில் மனு அளித்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் எந்தச் சோதனையையும் ஏற்க வேண்டாம். கேமராவை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லி, உங்களை நோக்கி வரும் இருசக்கர வாகனங்களை அதிகபட்ச வேகத்தில் எடுத்து, பத்தாவது படத்தின் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கலாம். விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்களை வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள்; என் மனுவோடு இணைக்க என்னிடம் இருந்தது பில்லும் அந்த ஒரு வரியும்தான்.