புராஃபெட்-5: 1978-இன் கருவியும் 2020-இன் மறுவருகையும்

டேவ் ஸ்மித்தின் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புராஃபெட்-5, ஐந்து சுரங்களை ஒருசேர ஒலிக்கவும், அமைத்த ஒலிகளை நினைவகத்தில் சேமிக்கவும் வல்ல அனலாக் சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி. அதன் முதலிரு பதிப்புகளில் எஸ்எஸ்எம் நிறுவனச் சில்லுகளும், மூன்றாம் பதிப்பில் கர்ட்டிஸ் நிறுவனச் சில்லுகளும் இடம்பெற்றன. முன்னவற்றின் ஒலி உருண்டு திரண்டது என்றும், பின்னதன் ஒலி சற்றுக் கூர்மையானது என்றும் இசைக்கலைஞர்கள் பொதுவாகச் சொல்வதுண்டு.

2020-இல் வந்த நான்காம் பதிப்பு இவ்விரு வகைச் சில்லுகளுக்குரிய ஃபில்டர்களையும் (ஒலியின் நிறத்தை மாற்றும் வடிகட்டிகளையும்) ஒரே பெட்டிக்குள் வைத்து, ஒரு சுவிட்சால் மாற்றிக்கொள்ள வழிசெய்கிறது. பழைய கருவியில் சூடேற ஏற ஆசிலேட்டர்களின் (ஒலியைப் பிறப்பிக்கும் சுற்றுகளின்) சுருதி விலகும். ஐந்து குரல்களும் (தலைக்கு ஒரு சுரத்தை ஒலிக்கும் ஐந்து சுற்றுத்தொகுதிகளும்) நூலளவு வேறுபட்டு ஒலிப்பதால், ஒரே கார்டை (சுரக்கூட்டை) மீண்டும் வாசித்தாலும் அது அச்சு அசலாகத் திரும்புவதில்லை. அந்தக் குறையே அதன் அழகாகிவிட்டது வேடிக்கைதான். புதியதில் இதற்கென 'விண்டேஜ்' என்றொரு குமிழ் இருக்கிறது: 4-இல் குரல்கள் ஏறக்குறைய ஒத்திருக்கும், 1-ஐ நோக்கித் திருப்பத் திருப்ப அவற்றின் சுருதியும் ஃபில்டரும் என்வலப்பும் (ஒலி எழுந்து அடங்கும் விதமும்) தனித்தனியே பிசகும்.

விசையை அழுத்தும் வேகத்தை உணரும் வசதி, மிடி (மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை), யுஎஸ்பி ஆகியவை புதியதில் உண்டு. பழையது மிடி பிறப்பதற்கு முன்பே வந்தது. பராமரிப்புச் செலவைத் தாங்கக்கூடிய ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் பழையது பொருந்தும். ஊர் ஊராக மேடையேறுபவர் புதியதை வாங்குவதே நல்லது.