தாடைக் கட்டி: ஒரே நாளில் எடுப்பதா, மாதக்கணக்கில் வடிப்பதா?

என் மச்சானுக்கு வலியே இல்லை. பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் எடுத்த ஓபிஜி எக்ஸ்ரேயில்தான், அதாவது இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரேயில்தான் மாட்டியது. இடது கீழ்த்தாடையில், முளைக்காமல் படுத்துக்கிடந்த ஞானப்பல்லின் தலையைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கருப்பு வட்டம்: எலும்புக்குள் நீர்க்கட்டி. ஓரத்தில் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடு. பினாங்கில் இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் "முழுசா எடுத்துடலாம்" என்றார். இன்னொருவர் "சின்னத் துளை போட்டு வடிய விடலாம்" என்றார். அதோடு வீட்டில் தூக்கம் போச்சு.

முழுசாக எடுப்பதற்கு என்யூக்ளியேஷன் என்று பெயர். ஈறை விலக்கி, எலும்பில் ஜன்னல் போலத் திறந்து, கட்டியைப் பையோடு உரித்தெடுப்பார்கள். தொந்தரவு கொடுத்த பல்லும் அப்போதே போய்விடும். ஒரு தடவை அறுவை, சில நாள் வீக்கம், கொஞ்ச நாள் கஞ்சி, எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் வேலை. பை மொத்தமும் லேபுக்குப் போகும் என்பது இதன் பெரிய பலம். அமெலோபிளாஸ்டோமா என்ற கழலை எக்ஸ்ரேயில் சாதாரண நீர்க்கட்டி போலவே வேஷம் போடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். துளை வழியில் முதலில் லேபுக்குப் போவது ஒரு துணுக்குத்தான்.

பிறகு ஏன் தயக்கம்? கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். மச்சானின் கட்டி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. சுரண்டும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது முழுசாகத் திரும்பாமலும் போகலாம். கட்டி பெரிதாகி எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்திருந்தால் தாடை முறியும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

அதனால்தான் துளை வழி. இது புதுசு ஒன்றும் இல்லை. கார்ல் பார்ட்ச் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892-லேயே கட்டியைத் திறந்து வாய்க்குள் வடியவிடும் முறையை எழுதிவைத்துவிட்டார். கட்டிக்குள் நீர் சேர்ந்து, அதன் அழுத்தம் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் எலும்பு தானே திரும்ப வளரும். கட்டியின் வாயை அகலமாகத் திறந்து ஓரத்தை ஈறோடு தைத்தால் மார்சுபியலைசேஷன். சின்னத் துளையில் பிளாஸ்டிக் குழாய் வைத்துத் தைத்தால் டிகம்பிரஷன்.

மச்சான் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். மரத்துப்போகும் ஊசி போட்டே வேலை முடிந்தது. அன்று மாலையே வீட்டில் தேநீர். உண்மையான அறுவை மறுநாள் காலையில் பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஆரம்பித்தது. சிரிஞ்சில் உப்புநீர் ஏற்றி, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, குழாய்க்குள் பீய்ச்ச வேண்டும். முதல் வாரம் உள்ளிருந்து வந்த நீரின் நாற்றம் அவர் முகத்தைச் சுளிக்கவைத்தது. அப்புறம் சோற்றுப் பருக்கை, கடுகு, ஒருநாள் முருங்கைக்கீரை. காலை, இரவு, சாப்பிட்ட பிறகெல்லாம் கழுவல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அரை மணி இடைவேளையில் சாப்பிடவும் வேண்டும், கழிப்பறையில் நின்று கழுவவும் வேண்டும். "அண்ணே, ஓட்டைதான் சின்னது" என்றாள் என் தங்கச்சி. குழாய் ஒருமுறை கழன்று, திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

எட்டு மாதம். புது எக்ஸ்ரேயில் கருப்பு வட்டம் புளியங்கொட்டையாகச் சுருங்கி, நரம்புக்கும் கட்டிக்கும் நடுவில் எலும்பு வந்திருந்தது. மிச்சத்தையும் பல்லையும் அப்புறம் எடுத்தார்கள். ஆக, இந்த வழியில் பெரும்பாலும் இரண்டு அறுவை. கிளினிக்கில் "சின்ன வேலை" என்று சொல்லும்போது இது காதில் ஏறுவதில்லை.

எண்டோஸ்கோப் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. சின்ன ஜன்னல் வழியாகக் கேமராவை நுழைத்து, கண்ணுக்கு எட்டாத மூலைகளைத் திரையில் பார்த்தே பையை உரிப்பது. மேல்தாடையில் சைனஸ் பக்கம் தள்ளி வளர்ந்த கட்டிக்கு இது அருமை. எலும்பு மிச்சமாகும். ஆனால் லென்ஸில் ரத்தம் படிந்தால் துடைத்துத் துடைத்து நேரம் ஓடும். பழகிய கையும் கருவியும் எல்லா இடத்திலும் கிடைக்காது. கேமரா இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் டாக்டரை மாற்றமாட்டேன்.

எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். செத்த பல்லின் வேர் நுனியில் வரும் சின்னக் கட்டிக்கு ரூட் கெனால் மட்டுமே போதுமாக இருக்கலாம். அதற்குக் கத்தியை எடுப்பது கொசுவுக்குக் கோடாலி. பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு துளை வழிக்குத்தான் என் ஓட்டு, ஏனென்றால் அழுத்தம் குறைந்ததும் உள்ளே மாட்டிய பல் தானாக முளைத்து வர வாய்ப்புண்டு.

கெரட்டோசிஸ்ட் என்ற தாடைக் கட்டி மட்டும் தனி ரகம். 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கழலை வரிசையில் சேர்த்து, 2017-ல் மறுபடி நீர்க்கட்டிக்கே கொண்டுவந்தது. அதன் பை ஈரக் காகிதம் போல மெல்லியது. உரிக்கும்போது கிழிந்து, ஒரு துணுக்கு தங்கினாலும் திரும்ப வளரும். சில மாதம் வடியவிட்டால் பை தடித்து, எடுக்கச் சுலபமாகும் என்பது துளை வழிக்குச் சாதகம். எடுத்த குழியில், மிச்சம் மீதி செல்களைக் கொல்ல, கார்னாய் திரவம் என்ற மருந்தைத் தடவுவதும் உண்டு. எந்த வழியில் போனாலும் வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மச்சானுடையது கெரட்டோசிஸ்ட் இல்லை என்று லேப் சொல்லிவிட்டது. உதட்டில் உணர்ச்சி அப்படியே இருக்கிறது. ஆனாலும் கேட்டால், "அன்னிக்கே மொத்தமா எடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்கிறார். தங்கச்சிக்கு அதில் உடன்பாடில்லை. சிரிஞ்சுகள் இன்னும் பாத்ரூம் அலமாரியில்தான் கிடக்கின்றன.