பிராந்தியை எப்போது ஊற்றினார்கள்? போர்ட்டா, ஷெர்ரியா, மதீராவா

பனையேறிகளிடம் ஒரு கணக்கு உண்டு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர்; தடவாமல் கட்டினால் கள். பாளையும் ஒன்று, சாறும் ஒன்று. நொதிக்க விட்டோமா, தடுத்தோமா என்பதுதான் சங்கதி. போர்ட் ஒயினுக்கும் ஷெர்ரி ஒயினுக்கும் உள்ள வேற்றுமையும் ஏறத்தாழ இதுதான். சுண்ணாம்பு செய்கிற வேலையை அங்கே பிராந்தி செய்கிறது.

கடைகளில் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். பிராந்தி சேர்த்து வலுவேற்றிய ஒயின் என்ற வகையில் அது சரிதான். ஆனால் போர்ட்டைப் போல இனிக்கும் என்று நம்பி ஃபினோ ஷெர்ரி ஒன்றை வாங்கி, முதல் மடக்கிலேயே முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். உப்புக் கரிப்பும் ஊறவைத்த பாதாம் வாசனையுமாக, சர்க்கரை என்பதே மருந்துக்கும் இல்லை. குற்றம் ஷெர்ரியிடம் இல்லை. பிராந்தி எப்போது ஊற்றப்பட்டது என்று கேட்காமல் வாங்கிய என்னிடம்தான்.

போர்ட்டில் அது பாதி வழியில் ஊற்றப்படுகிறது. போர்ச்சுகலின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், செங்குத்தான மலைச்சரிவுகளில் படிப்படியாகக் கட்டிய வரப்புகளில் விளைந்த திராட்சையை மிதித்துச் சாறெடுக்கிறார்கள். சில தோட்டங்களில் இன்றும் கல் தொட்டிகளில் இறங்கிக் காலால்தான் மிதிக்கிறார்கள். சாறு நொதித்து, சர்க்கரையில் பாதி தீர்ந்திருக்கும் வேளையில், 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். நான்கு பங்கு சாற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு. சர்க்கரையைத் தின்று நொதிக்கவைக்கும் ஈஸ்ட் அத்துடன் செத்துவிடும். அது தின்னாமல் விட்ட சர்க்கரைதான் போர்ட்டின் இனிப்பு. வெளியிலிருந்து ஒரு கரண்டி சீனிகூடச் சேர்ப்பதில்லை. முடிவில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் நிற்கும்.

பெயரில் ஒரு வேடிக்கை. விளைவது உள்நாட்டு மலையில். பெயரோ கடலோரத்தின் போர்ட்டோ நகருடையது. ‘துறைமுகம்’ என்பதுதான் அந்த ஊர்ப் பெயரின் பொருள். ஆனால் பீப்பாய்கள் முதிர்ந்த கிடங்குகள் அந்த ஊரிலும் இல்லை, ஆற்றின் எதிர்க்கரையில் வில நோவா டி கயாவில். 1986 வரை ஏற்றுமதிச் சரக்கு கயா வழியாகத்தான் போகவேண்டும் என்று விதியே இருந்தது. விளைநிலம், கிடங்கு இரண்டையும் விட்டுவிட்டு, கப்பல் ஏறிய துறையின் பெயரை வைத்தவர்கள் வாங்கியவர்கள், அதாவது ஆங்கிலேயர்கள். பிரான்சோடு பகை முற்றி அங்கிருந்து ஒயின் வருவது தடைபட்ட காலத்தில் அவர்கள் போர்ச்சுகல் பக்கம் திரும்பினார்கள். 1703ஆம் ஆண்டின் மெத்துவன் ஒப்பந்தம், போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரியைக் குறைத்தது. கிராக்கி ஏறியதும் கலப்படமும் ஏறியது. நிறம் கூட்ட எல்டர் மரத்தின் பழச்சாற்றைக் கலந்தார்கள். 1756இல் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு தலையிட்டு, எல்லைக் கற்கள் நட்டு விளைநிலத்தை வரையறுத்தார். அந்த எல்டர் மரங்களையும் வேரோடு பிடுங்கச் சொன்னார்.

பிராந்தி ஊற்றுவதையே எதிர்த்தவரும் இருந்தார். ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற வணிகர் 1844இல் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, நல்ல டூரோ ஒயினுக்குச் சாராயம் எதற்கு என்று சண்டைக்கு நின்றார். சந்தை கேட்கவில்லை. டூரோ ஆற்றை விரிவாக வரைபடமாக்கிய அந்த மனிதர் 1861இல் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். இடுப்பில் கட்டியிருந்த பணப்பையின் பாரம் அவரை ஆழத்துக்கு இழுத்தது என்று ஒரு கதை உண்டு. கதைதான்.

இனி ஷெர்ரி. அதன் வேலைப்பாடு இதைவிட நுட்பமானது. என் ஓட்டும் அதற்கே. தென்ஸ்பெயினில் ஹெரெஸ் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெள்ளை மண். பாலோமினோ என்ற சாதாரணத் திராட்சை. அதன் சாற்றை முழுக்க நொதிக்க விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை தீர்ந்து, கள்ளாகி முடிந்த பிறகே பிராந்தி வருகிறது. எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் அடுத்த சூட்சுமம். ஆல்கஹாலை 15 சதவீதத்தில் நிறுத்தினால் ஒயினின் மேற்பரப்பில் ‘ஃப்ளோர்’ என்ற ஈஸ்ட் ஏடு படரும். காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல, சுருக்கம் விழுந்த வெண்மையான ஏடு. அது பரவுவதற்காகப் பீப்பாயில் ஆறில் ஒரு பங்கை வெற்றிடமாக விடுகிறார்கள். காற்று ஒயினைத் தொடாமல் ஏடு காக்கும். ஒயின் வெளிறிய நிறத்திலேயே இருக்கும். இதுதான் ஃபினோ. 17 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் ஏடு பிழைக்காது. காற்றுபட்டுக் கறுத்து, அக்ரூட் பருப்பு வாசனையோடு திரளும் ஒலோரோசோ பிறக்கிறது. ஆல்கஹாலில் இரண்டே சதவீத வித்தியாசம், இரண்டு வேறு உலகங்கள்.

கடலோர சான்லூகரில் முதிரும் ஃபினோவுக்கு மான்சனியா என்று பெயர். சீமைச் சாமந்திக்கு ஸ்பானியர் வைத்த பெயரும் அதுவே. ஏட்டின் கீழ் சில ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு ஏடு மறைந்து காற்றில் முதிர்வது அமோன்டியாடோ. போர்ட்டின் வகைகளை இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. பீப்பாயில் குறைவாகக் கிடந்தால் சிவந்த ரூபி, பல ஆண்டுகள் கிடந்தால் செம்பழுப்பு டானி, நல்ல விளைச்சல் கண்ட ஓராண்டின் சரக்கை இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புட்டியில் அடைத்து அதற்குள் பல்லாண்டு முதிரவிட்டால் விண்டேஜ்.

வயது பார்ப்பதிலும் இரண்டும் எதிர்த்துருவங்கள். விண்டேஜ் போர்ட் ஒரே ஒரு ஆண்டின் பெருமை பேசும். ஷெர்ரிக்கு ஆண்டே கிடையாது, அரிய விதிவிலக்குகள் தவிர. பீப்பாய் வரிசைகளில் மிகப் பழைய வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்து விற்பார்கள், அந்தக் குறையை அடுத்த வரிசையிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கடுத்ததிலிருந்து. சோலேரா என்ற இந்த முறையில் பீப்பாய் ஒருபோதும் காலியாவதில்லை. புளித்த மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் புது மாவில் கலக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஷெர்ரி என்ற சொல்லுக்கும் நல்ல வம்சாவளி இருக்கிறது. அரபியர் ஆட்சியில் அந்த ஊர் ‘ஷெரிஷ்’. ஆங்கிலேயர் வாயில் அது ‘ஷெரிஸ்’ ஆயிற்று. கடைசி ‘ஸ்’ பன்மை விகுதி என்று தவறாக எண்ணி வெட்டிவிட்டார்கள். 1587இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி டிரேக் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கி 2,900 பீப்பாய்களை அள்ளிப்போன பிறகு லண்டனில் அந்தச் சுவை பரவிப்போனது. பின்னாளில் எந்தெந்த நாட்டுச் சரக்கோ அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1996 முதல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் ஹெரெஸ் வட்டாரத்துக்கு மட்டும் என்றாயிற்று. நம் பக்கத்தில் கோவாக் கடைகளில் ‘போர்ட் ஒயின்’ என்று மலிவாக விற்கும் இனிப்புச் சரக்குக்கும் டூரோவுக்கும் பெயரைத் தவிர உறவில்லை.

மதீரா இந்தச் சண்டையில் மூன்றாம் ஆள். அட்லாண்டிக் தீவு அது; பெயருக்கு ‘மரம்’ என்று பொருள். இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் அங்கே நின்று சரக்கு ஏற்றின. மதராஸிலும் கல்கத்தாவிலும் கும்பினி அதிகாரிகளின் மேசைக்கு வந்தது இந்த ஒயின். விற்காமல் திரும்பிய பீப்பாய்களைத் திறந்தால், வெப்ப மண்டலத்தை இருமுறை கடந்த ஒயின் கெட்டுப்போகாமல் சுவை கூடியிருந்தது. அதன்பின் வேண்டுமென்றே கப்பலில் சுற்ற அனுப்பினார்கள். செலவு கட்டுப்படியாகாததால், பிறகு ஊரிலேயே சூடுபடுத்தத் தொடங்கினார்கள். இன்று மலிவான ரகத்தைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி சூட்டில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் மாடிப் பரணில் வெயில் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. பிராந்தி ஊற்றும் நேரமும் ரகத்துக்கு ரகம் மாறும்: இனிப்பான மாம்சிக்குச் சீக்கிரம், புளிப்பான செர்சியலுக்குத் தாமதம்.

எதை வாங்குவது? இரவுச் சாப்பாடு முடிந்து இனிப்பு வேண்டுமென்றால் பத்தாண்டு டானி போதும். விண்டேஜ் போர்ட்டுக்குச் செலவழிக்கும் பணம், அதைக் காத்திருந்து திறக்கும் பொறுமை உள்ளவர்களுக்குத்தான். வறுத்த மீன், உப்பு முந்திரி என்று தொடங்குகிற மாலைக்கு மான்சனியாவை மிஞ்ச ஒன்றுமில்லை, நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். விலைக்குக் கிடைக்கும் உழைப்பைப் பார்த்தால் ஷெர்ரி அளவுக்கு மலிவாக எதுவும் தோன்றவில்லை.

திறந்த பிறகு விஷயம் வேறு. ஃபினோவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம். விண்டேஜ் போர்ட்டுக்கு ஓரிரு நாள். டானி சில வாரம் தாங்கும். மதீராவை மட்டும் மூடி திருகி அலமாரியில் வைத்துவிட்டு, மாதக்கணக்கில் மறந்துபோகலாம். கப்பலிலேயே வெந்து தேறிய ஒயின், சமையலறைப் புழுக்கம் அதற்குப் பொருட்டில்லை.