228 என்று சொன்ன டிரெய்னரும் 209-இல் நின்ற என் கால்களும்

போன வாரம் கல்லூரி நண்பன் போன் செய்தான். "சைக்கிள் டிரெய்னர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமாடா? நீ மூணு வருஷமா வச்சிருக்கியே" என்றான். என் டிரெய்னர் ரோலர் பேரிங் மாற்றி வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் காத்திருந்த கோபம் அடங்கவில்லை. போனில் சரியாகப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சைக்கிளின் பின்சக்கரத்தை ரோலர் மேல் அழுத்தி வைத்து, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்மார்ட் டிரெய்னர் இது. எத்தனை வாட்டில் மிதிக்கிறோம் என்றும் காட்டும். சத்தம் எவ்வளவு, எந்த ஆப்போடு சேரும் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். எனக்குச் சொல்ல இருப்பது எஃப்டிபி டெஸ்ட் பற்றித்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்க முடிகிற அதிகபட்ச வாட்தான் எஃப்டிபி. வாரம் முழுக்கச் செய்யும் பயிற்சி அந்த ஒரு எண்ணின் சதவீதத்தில்தான் ஓடும். அது தப்பாக இருந்தால் ஒவ்வொரு நாளும் தப்பு.

வாங்கிய முதல் வாரமே ஆப் என்னை ராம்ப் டெஸ்ட் செய்யச் சொன்னது. நிமிடத்துக்கு 20 வாட் ஏறிக்கொண்டே போகும். கால் நிற்கும் வரை மிதிக்க வேண்டும். நன்றாகச் செய்த ஒரு நிமிடத்தின் சராசரியில் 75 சதவீதத்தை எஃப்டிபி என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 304 வாட் வந்தது. அதாவது எஃப்டிபி 228. அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த நான்கு மாதம் அந்த 228 என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஸ்வீட் ஸ்பாட், அதாவது வரம்புக்குச் சற்றுக் கீழே நின்று மிதிக்கும் பயிற்சி, எஃப்டிபியில் 88 முதல் 94 சதவீதம் என்பது கணக்கு. 228-க்கு அது 201 முதல் 214 வரை. வாரத்தில் இரண்டு நாள் 205 வாட்டில் 20 நிமிடம், இடையில் ஓய்வு, மறுபடி 20 நிமிடம். முதல் செட் எப்படியோ முடிந்துவிடும். இரண்டாவதில் 12, 13ஆவது நிமிடத்தில் தொடை கல்லாகிவிடும். தூக்கத்தைக் கூட்டினேன், சீட் உயரத்தை மாற்றினேன், சாப்பாட்டை மாற்றினேன். சனிக்கிழமை மாமல்லபுரம் போகும்போது, முன்பு சாதாரணமாகப் போகிற குழுவோடு கோவளம் தாண்டியதும் ஒட்ட முடியவில்லை. பயிற்சி செய்யச் செய்ய மெதுவாகிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் 20 நிமிட டெஸ்டுக்கு வந்தேன். உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ கோகன், சைக்கிள் பயிற்சியாளர் ஹன்டர் ஆலன் இருவரும் பரவலாக்கிய முறை அது. நன்றாகச் சூடேறிய பிறகு 5 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, பத்து நிமிடம் லேசாக மிதித்து ஆறி, அதன்பின் 20 நிமிடம் முடிந்த மட்டும். அந்தச் சராசரியில் 95 சதவீதம். பலரும் முதல் 5 நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கால் புதிதாக இருக்கும், எண் ஏறி வரும், 95 சதவீதம் என்ற கணக்கும் பொருந்தாது. தயவுசெய்து விடாதீர்கள்.

எனக்கு 20 நிமிடச் சராசரி 220. எஃப்டிபி 209.

டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நான் ஸ்வீட் ஸ்பாட் என்று நினைத்து மிதித்த 205 வாட், 209-இல் 98 சதவீதம். அதாவது வாரம் இரண்டு முறை வரம்பின் விளிம்பிலேயே நின்றிருக்கிறேன். நிதானம் என்று நினைத்து 165 வாட்டில் ஓட்டிய நீண்ட சவாரிகள் 79 சதவீதம். நிதானப் பயிற்சியின் உச்சவரம்பு 75. ஒரு நாள்கூட கால் ஓய்ந்ததில்லை.

ராம்ப் டெஸ்ட் எல்லோருக்கும் பொய் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. 75 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. கல்லூரியில் நான் 400 மீட்டர் ஓடியவன். கடைசி இரண்டு நிமிடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடுவேன், ஆனால் அந்தப் பலம் ஒரு மணி நேரத்துக்கு வராது. என்னைப் போன்ற கால் உள்ளவர்களுக்கு ராம்ப் அதிகமாகக் காட்டும். நண்பனும் என்னோடு ஓடியவன்தான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஸ்வீட் ஸ்பாட்டை 190-க்கு இறக்கினேன். இரண்டு செட்டும் முடிந்தது. பத்து வாரத்தில் 221 வந்தது.

டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக எதுவும் கிடையாது. இரவு வயிறு நிறையச் சாதம். காலையில் இரண்டு வாழைப்பழம், ஒரு காபி, முக்கால் மணி நேரம் கழித்து சைக்கிள். 20 நிமிடத்தில் எர்க் மோடை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் டிரெய்னர் தான் வைத்த வாட்டிலேயே பிடித்துவைக்கும். அந்த 20 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் ஆசைப்படாமல், நினைத்ததைவிடப் பத்து வாட் குறைவாக.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்றாடி. திருவான்மியூரில் காலை ஐந்தரைக்கே வியர்வை உலராது. ரத்தம் தோலைக் குளிர்விக்க ஓடும், அதே வாட்டுக்கு இதயம் வேகமாக அடிக்கும். சீலிங் ஃபேன் மட்டும் வைத்து 200 வாட்டில் எனக்கு 178 துடிப்பு. எதிரே நெஞ்சுயரத்தில் பெடஸ்டல் ஃபேன் வைத்த பிறகு 169. இந்த மூன்று வருடத்தில் பயிற்சிக்காக நான் செலவழித்ததில் மிக நல்ல செலவு அந்த ஃபேன்தான்.

டிரெய்னர் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் பேரிங் மட்டுமில்லை. டயர் காற்று, ரோலர் அழுத்தம் இரண்டில் எது மாறினாலும் எண் மாறும். ஒவ்வொரு முறையும் காற்றடித்து, பத்து நிமிடம் மிதித்து டயர் சூடான பிறகு, வேகமெடுத்து விட்டுவிட்டுச் சுழற்சி தானாக நிற்கும் வரை காத்திருந்து ஸ்பின்டவுன், அதாவது அளவு திருத்தம், செய்ய வேண்டும். சர்வீஸிலிருந்து வந்த அன்று 180 வாட் காட்டியது, துடிப்போ 138. எனக்கு 180-க்கு எப்போதும் 150 பக்கம் இருக்கும். சந்தேகப்பட்டு ஸ்பின்டவுன் செய்தேன். அதே கியர், அதே வேகம், 166 காட்டியது. பேரிங் மாற்றினால் மறுபடி அளவு திருத்த வேண்டும் என்று அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த 228 கதை மறுபடி ஆரம்பித்திருக்கும்.

இத்தனைக்கும், சிக்னல், ஆட்டோ, நாய் எதுவும் குறுக்கே வராமல் 20 நிமிடம் முழுதாக மிதிக்க இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் இந்த டிரெய்னர்தான். என் கால் எவ்வளவு என்று எனக்குக் காட்டியதும் இதுதான். ஆனால் வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆறு வாரம் ரொம்ப அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அடுத்த டெஸ்ட் வைத்திருக்கிறேன். நண்பனை ஷூவோடு வரச் சொல்லியிருக்கிறேன். நான் முடித்ததும் அவன் சைக்கிளை ஏற்றி, டயரில் காற்றடித்து, ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைக்கிறேன். 20 நிமிடம் மிதித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும்.